ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி: மலையகத்து வீட்டுக்கு எந்த நிறம், எந்த முடி?

ஒரே ஈற்றில் ஏழு குட்டிகள். மூன்று கறுப்பும் செங்கபிலமும் கலந்தவை, இரண்டு சாம்பல் பூத்தாற்போல, ஒன்று முழுக் கறுப்பு, ஒன்றுக்கு மட்டும் காதோரத்தில் பஞ்சுபோல முடி. விற்பவர் கறுப்புக்கு ஒரு விலை சொல்கிறார், பஞ்சு முடிக்கு அதைவிடக் கூட்டிச் சொல்கிறார். வீட்டில் தாத்தாவுக்கு "அல்சேஷன்னா முதுகு கறுப்பா இருக்கணும்". மகளோ வெள்ளைக் குட்டியின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அடம்பிடிக்கிறாள். பலரும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள், கடைசியில் கண்ணுக்குப் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மலையகத்தில் முதலில் தீர்மானிக்க வேண்டியது முடியின் நீளம். நிறம் அதற்குப் பிறகுதான். "அபூர்வ நிறம்" என்பதற்காக மட்டும் ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

## எதை வைத்து எடை போடுகிறோம்

நனைந்த முடி எவ்வளவு நேரத்தில் காய்கிறது? வாங்கும் நாளில் காணும் நிறம் வளர்ந்த பிறகும் நிற்குமா? உண்ணியும் புண்ணும் கண்ணில் படுமா? பதிவுக்கும் கண்காட்சிக்கும் ஏற்றதா? பின்னாளில் குட்டி எடுத்தால் என்ன வெளிவரும்? இந்த ஐந்தில் முதலாவதற்கே அதிக நிறை கொடுத்திருக்கிறோம்.

காரணம் ஈரம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் சேரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில்தான். வெயில் வந்தாலும் மத்தியானத்தில் முகில் மூடிக்கொள்ளும். பண்டாரவளை, வெலிமடை, பதுளை என்று ஊவாப் பக்கம் போனால் அதே மாதங்களில் வறண்ட காற்று, மழை ஒக்டோபரை ஒட்டித்தான் வரும். ஹட்டனில் தொல்லையாகும் முடி பண்டாரவளையில் தொல்லை தராமல் இருக்கலாம்.

## முடியின் நீளம்: குட்டையா, நீளமா?

ஜேர்மன் ஷெப்பர்டுக்கு மேலே முரட்டு முடி, அதன் கீழே அடர்ந்த உள்முடி என்று இரண்டு அடுக்கு. குட்டை முடி நாய்க்கும் இது உண்டு. ஆகவே "டபுள் கோட்" என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்பவர், எல்லாக் குட்டிகளிடமும் இருக்கும் ஒன்றுக்குத்தான் விலை கேட்கிறார். அவர் காட்டுவது பெரும்பாலும் நீள முடிக் குட்டியாக இருக்கும்.

நீள முடிக்குக் காரணம் எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணுவின் பின்னிடைவான வடிவம், அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரிவது. தாயும் தந்தையும் குட்டை முடியோடு இருந்தாலும், இருவரிடமும் அந்த வடிவம் மறைந்திருந்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி நீள முடியோடு பிறக்கும். அதைக் கலப்பு என்று ஒதுக்குவதும் தவறு, அபூர்வம் என்று தூக்கிப் பிடிப்பதும் தவறு. உள்முடியோடு கூடிய நீள முடியைச் சர்வதேச நாய் வளர்ப்புச் சம்மேளனமான எஃப்.சி.ஐ. 2010 முதல் தனி வகையாக ஏற்றுக்கொள்கிறது.

உள்முடி இல்லாத நீள முடி மூன்றாவது ஒரு நிலை. தரநிர்ணயத்தில் அதற்கு இடமில்லை, மலையகத்துக்கும் அது ஆகாது. அப்படிப்பட்ட நாயின் முதுகில் வகிடு எடுத்ததுபோல முடி இரண்டாகப் பிரிந்து கிடக்கும், மழைநீர் நேராகத் தோலுக்கு இறங்கிவிடும். பெற்றோரில் ஒன்றுக்காவது இந்த வகிடு தெரிந்தால் அந்த ஈற்றின் நீள முடிக் குட்டியை எடுக்காதீர்கள்.

குட்டை முடி நாய் தூறலில் நனைந்தால் தண்ணீர் மேல்முடியோடு நின்றுவிடும். உதறிவிட்டு வராந்தாவில் படுத்தால் பாதி ஈரம் போய்விடும். நீள முடியில் காதின் பின்புறம், பின்தொடை, வாலின் அடிப்பகுதி, விரலிடுக்கு ஆகிய இடங்கள் மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடியில் ஈரமாகவே இருக்கும். அங்கே முடி சிக்குப் பிடிக்கும். சிக்கின் அடியில் காற்றுப் படாத தோல் சிவந்து, ஒரே இரவில் உள்ளங்கை அளவு நீர்க்கசியும் புண்ணாக மாறிவிடும். அந்தப் புண்ணில் ஈ முட்டையிட்டால் புழு வைக்கும். வெளியே முடி மூடியிருப்பதால், நாற்றம் வந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும்.

நீள முடிக்கு ஆசைப்படுகிறவர்கள் இந்த வேலையைக் கணக்கில் எடுக்க வேண்டும். நனைந்தவுடன் பழைய துவாயால் அழுத்தி ஒற்றுங்கள், தேய்த்தால் முடி முறுக்கிக்கொள்ளும். பிறகு விரலிடுக்கை விரித்துப் பாருங்கள், அட்டை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அட்டையைப் பிடித்து இழுக்காமல், அதன் வாய்ப்பக்கத்தில் நகத்தை வைத்துச் சறுக்கி எடுங்கள். அடுத்து மிதமான சூட்டில் முடி உலர்த்தியைப் பிடித்து, முடியைக் கையால் பிரித்துப் பிரித்து அடிவரை காயவிடுங்கள். வாரத்தில் நான்கு நாளாவது வாரிவிட வேண்டும், ஒவ்வொரு முறையும் 20 நிமிடமாவது ஆகும். குட்டை முடிக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். உள்முடி கொத்துக்கொத்தாக உதிரும் காலத்தில் எந்த வகைக்கும் தினமும் சீப்பு வேண்டும்.

தொல்லை தாங்காமல் மழித்துவிடும் யோசனை வேண்டாம். மழித்த உள்முடி சில நாய்களுக்குத் திட்டுத்திட்டாகத்தான் திரும்ப வளரும். மழையையும் குளிரையும் தடுக்கும் அடுக்கும் அதோடு போய்விடும்.

எனவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் வெளியே கூட்டில் வளர்ப்பதாக இருந்தால் குட்டை முடி. நாய் இரவில் வீட்டுக்குள் படுக்கும், வாரிவிட ஒருவர் இருக்கிறார் என்றால் நீள முடி எடுக்கலாம். ஊவாப் பக்கம் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கலாம்.

## நிறம் எப்படி உருவாகிறது

நாயின் முடிக்கு இரண்டே சாயங்கள்: கறுப்பு, செம்மஞ்சள். எந்த இடத்தில் எது என்பதை ஷெப்பர்டில் பெரும்பாலும் ஏ.எஸ்.ஐ.பி. என்ற மரபணு முடிவு செய்கிறது. அதன் வடிவங்களில் எது எதை மறைக்கும் என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு முடியிலும் நிறம் மாறி மாறி வரும் சேபிள் எல்லாவற்றுக்கும் மேலே, அடுத்து கறுப்பு முதுகும் செங்கபிலக் காலும் கொண்ட சாடில், அடுத்து கால், கன்னம் போன்ற சில இடங்கள் தவிர மற்றெல்லாம் கறுத்த பைகலர், கடைசியில் முழுக் கறுப்பு. ஒவ்வொரு நாயும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. ஒழுங்கில் மேலே உள்ளது வெளியே தெரியும், கீழே உள்ளது மறைந்திருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்.

லாப்ரடோர் வளர்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது கறுப்பில்தான். பல இனங்களில் கறுப்பு ஆட்சியான நிறம், அதை நடத்துவது வேறொரு மரபணு. ஷெப்பர்டிலோ கறுப்பு பின்னிடைவானது, இரண்டு பிரதிகளும் கறுப்பாக இருந்தால் மட்டுமே தெரியும். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004இல் ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்களில்தான் விவரிக்கப்பட்டது.

## சாடில்: கறுப்பு முதுகு, செங்கபிலக் கால்

தாத்தா சொல்லும் அல்சேஷன் இதுதான். கண்காட்சி வழியில் வளர்க்கப்படும் நாய்களில் பெரும்பாலானவை இந்த வகை. எளிதில் கிடைக்கும், பதிவிலும் கண்காட்சியிலும் தடை இல்லை.

மறைந்திருக்கும் சிக்கல், நிற மாற்றம். சாடில் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய கறுப்பாகவே இருக்கும், காலிலும் முகத்திலும் மட்டும் கொஞ்சம் கபிலம் தெரியும். எட்டாவது வாரத்தை ஒட்டிக் காதின் பின்புறம் நிறம் விடத் தொடங்கும். பிறகு கால், தோள், கழுத்து என்று கபிலம் மேலேறி, இரண்டு மூன்று வயதுவரைகூடக் கறுப்பு சுருங்கிக்கொண்டே போகும். "நல்ல கறுப்பு" என்று வாங்கிய குட்டி, முதுகில் ஒரு பட்டை கறுப்போடு நிற்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. வளர்ந்த பிறகு எவ்வளவு கறுப்பு நிற்கும் என்பதற்குக் குட்டியைவிடப் பெற்றோரைப் பார்ப்பதே நம்பகமான வழி. முகத்திலும் காலிலும் உள்ள கபிலம் வெளிறியிருந்தால் சாயம் குறைவு என்று நடுவர்கள் மதிப்பெண் குறைப்பார்கள்.

## சேபிள்: ஒவ்வொரு முடியிலும் பட்டை

சேபிளில் தனித்தனி முடியே நிறம் மாறி மாறி இருக்கும். அடியில் வெளிர், நுனியில் கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல், கபிலம், செம்மண் எல்லாம் கலந்ததுபோல் தெரியும். தேயிலை மலையின் சேறும் தூசியும் இந்த முடியில் தெரியவே தெரியாது.

மிக அதிகமாக நிறம் மாறுவதும் இதுதான். பிறக்கும்போது கபில உடம்பில் முதுகு நெடுக ஒரு கருங்கோடு. இரண்டு மூன்று மாதத்தில் வெளுத்து, தெருநாய்க் குட்டி என்று அயலவர் சொல்லும் அளவுக்கு வரும். நான்கு மாதத்துக்குப் பிறகு கறுப்பு நுனி கொண்ட பெரிய முடி முளைக்கத் தொடங்கி மறுபடி கறுக்கும். இந்த இடைக்காலத்தில் பார்த்துவிட்டு மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. பொறுமையுள்ளவருக்கு அது நல்ல வாய்ப்பு.

"சேபிள் என்றால் கடி, கறுப்பு என்றால் கோபம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். முடிக்குச் சாயம் ஏற்றும் இந்த மரபணு குணத்தை உருவாக்குவதில்லை. பொலிஸ், எல்லைக் காவல் போன்ற வேலைகளுக்காக வளர்க்கப்பட்ட கிழக்கு ஜேர்மனிய, செக் வழிகளில் சேபிளும் கறுப்பும் அதிகம், கண்காட்சி வழிகளில் சிவந்த சாடில் அதிகம். ஆகவே சேபிள் குட்டியின் பின்னால் வேலை வழிப் பரம்பரை இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பரம்பரை நாய்க்கு தினமும் கடுமையான உடற்பயிற்சியும் பழக்கலும் வேண்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைத்தால் குரைத்தும் கடித்தும் தொல்லை தரும். பழி நிறத்தின் மேல் விழும், தவறு வளர்ப்பில் இருக்கும். வேலை வழிச் சாடில் நாயும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

## பைகலரும் முழுக் கறுப்பும்

பைகலர் நாய் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு. கால், கன்னம், வாலின் அடிப்புறம் ஆகிய இடங்களில் மட்டும் கபிலம். விரல்களின் மேல் பென்சிலால் இழுத்தாற்போல் கருங்கோடுகள், பின்காலின் குதிப்புறத்தில் கறுப்புத் திட்டு. இந்த இரண்டு அடையாளமும் வளர்ந்த பிறகும் நிற்கும். குட்டிப் பருவத்தில் காணும் நிறம் பெருமளவு அப்படியே இருப்பதால், ஏமாற்றம் குறைவான தெரிவு இது. ஏனோ நம்மூரில் இதைக் கேட்டு வாங்குவோர் குறைவு.

முழுக் கறுப்புக்குத்தான் விலை கூட்டுகிறார்கள். கூடுதல் பணம் கொடுக்கும் முன், குட்டி உண்மையிலேயே கறுப்பா என்று பாருங்கள். வாலைத் தூக்கி அடிப்புறத்தையும், நான்கு பாதங்களையும், உட்தொடையையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கபிலம் தெளிவாகத் தெரிந்தால் அது பைகலர், அல்லது இன்னும் நிறம் விடாத சாடில். விரலிடுக்கில் ஒன்றிரண்டு நரைத்த முடி, நெஞ்சில் சிறு வெள்ளைப் புள்ளி ஆகியவை கறுப்புக் குட்டியிடமும் இருக்கலாம். அந்தப் புள்ளி பெரும்பாலும் வளரும்போது மங்கிவிடும்.

கறுப்பின் நடைமுறைச் சிக்கல், எதுவும் கண்ணில் படாது. உண்ணியும் சிறு காயமும் கறுப்பு முடிக்குள் மறைந்துவிடும். வாரம் தவறாமல் காதின் உள், கழுத்துப்பட்டியின் கீழ், கக்கம், விரலிடுக்கு ஆகிய இடங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஈறு வெளிறி, சிறுநீர் கடும் நிறத்தில் போனால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். முகில் இறங்கிய மாலையில் தோட்டத்துப் பாதையில் கறுப்பு நாய் வாகன ஓட்டிக்குத் தெரியாது. வெளிச்சம் பட்டால் மின்னும் கழுத்துப்பட்டி கட்டாயம். சிறுத்தைக்கோ எந்த நிறமும் ஒன்றுதான். தேயிலை மலையை ஒட்டிய வீடுகளில் இரவில் எந்த நாயையும் வெளியே கட்டிவைக்கக் கூடாது, கதவுள்ள கூட்டுக்குள் விட வேண்டும்.

## வெள்ளை

இது வெளிறல் நோயல்ல. எம்.சி.1.ஆர். என்ற மரபணுவின் பின்னிடைவான வடிவம் இரண்டு சேர்ந்தால் முடியில் கறுப்புச் சாயம் வராது. மூக்கும் கண்ணும் கறுப்பாகவே இருக்கும். சில இனங்களில் வெள்ளைத் திட்டோடு வரும் செவிட்டுத்தன்மைக்கும் இந்த வெள்ளைக்கும் தொடர்பில்லை.

மகளின் ஆசையை மறுக்க வேண்டியதில்லை, விளைவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். எஃப்.சி.ஐ.யின் 166ஆம் இலக்கத் தரநிர்ணயத்தில் ஜேர்மன் ஷெப்பர்டுக்கு வெள்ளை அனுமதி இல்லை. வெள்ளை சுவிஸ் ஷெப்பர்ட் என்பது 347ஆம் இலக்கத்தில் தனி இனம். இரண்டு ஜேர்மன் ஷெப்பர்டுக்குப் பிறந்த வெள்ளைக் குட்டி அந்த இனத்தின் பெயரில் பதிவாகிவிடாது. வெள்ளை நாயில் உண்ணி உடனே தெரியும், அது பெரிய நன்மை. செம்மண் கறையும் எச்சில் கறையும் அதே அளவுக்குத் தெரியும். அதற்காக வாரந்தோறும் குளிப்பாட்டினால் தோல் வறண்டு சொறி வரும். சேற்றைக் காயவிட்டு வாரித் தட்டுவதே சரி.

மருந்து விஷயத்தில் கவனம் வேண்டும். ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளின் அதிக அளவைத் தாங்கவிடாத எம்.டி.ஆர்.1 என்ற மரபணுக் குறை ஜேர்மன் ஷெப்பர்டிலும் வெள்ளை சுவிஸ் ஷெப்பர்டிலும் பதிவாகியிருக்கிறது. மாட்டுக்கு வாங்கி வைத்த ஊசி மருந்தை உண்ணிக்கென்று நாய்க்குப் போடும் பழக்கம் எந்த நிற நாய்க்கும் ஆபத்து.

## நீலம், கபிலம், பாண்டா

"புளூ" என்று விற்கப்படுவது கறுப்புச் சாயம் நீர்த்துப்போன நாய். மூக்கே சாம்பலாக இருக்கும். "லிவர்" என்ற கபில வகைக்கு மூக்கும் கண்ணிமையோரமும் பாதத்தின் அடிமெத்தையும் கபிலமாக இருக்கும். எந்த நிறமானாலும் மூக்கு கறுப்பாக இருக்க வேண்டும் என்பது தரநிர்ணயம், ஆகவே இரண்டும் குறைதான். சாயம் நீர்த்த நாய்களுக்குச் சில இனங்களில் முடி கொட்டித் தோல் அழற்சி வருவதும் உண்டு. மூக்கைக் குழல் விளக்கின் கீழே பார்க்காதீர்கள், வெளியே கொண்டுவந்து பாருங்கள்.

வெள்ளைத் திட்டுள்ள "பாண்டா", 2000இல் அமெரிக்காவில் பிறந்த ஒரே பெட்டை நாயிடம் தோன்றிய மரபணு மாற்றத்திலிருந்து வந்த வழி. அந்தப் பரம்பரைக்கான தாள் இல்லாமல் இங்கே பாண்டா என்று காட்டினால், கலப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மார்பிள்போலப் புள்ளி தெளித்த "மேர்ள்" ஷெப்பர்டும் அப்படித்தான், தூய ஜேர்மன் ஷெப்பர்டில் அந்த நிறம் கிடையாது. கலப்பு நாய் நல்ல நாயாக இருக்கலாம். தூய இனத்தின் விலையைக் கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

## பெற்றோரை வைத்துக் கணிப்பது

| தாய், தந்தை | பிறக்கக்கூடியவை | பிறக்க முடியாதவை |
|---|---|---|
| சேபிள், சாடில் | நான்கு வகையும் | — |
| சாடில், சாடில் | சாடில், பைகலர், கறுப்பு | சேபிள் |
| பைகலர், பைகலர் | பைகலர், கறுப்பு | சேபிள், சாடில் |
| கறுப்பு, கறுப்பு | கறுப்பு | மற்ற மூன்றும் |
| வெள்ளை, வெள்ளை | வெள்ளை | மற்ற எல்லாம் |

சேபிள் பிரதி இரண்டு உள்ள நாய்க்கு எந்தத் துணையோடும் குட்டிகள் எல்லாம் சேபிளாகவே வரும். பெற்றோர் இருவரிடமும் வெள்ளை மறைந்திருந்தால் மேலே உள்ள எந்தச் சேர்க்கையிலும் நான்கில் ஒன்று வெள்ளையாகலாம். வெள்ளை நாய் தன் அடியில் சேபிளையோ சாடிலையோ மறைத்து வைத்திருக்கும், குட்டிகளைப் பார்த்துத்தான் அது தெரியவரும்.

இரண்டு சாடில் நாய்களின் தாளைக் காட்டிச் சேபிள் குட்டியைக் கொடுத்தால், தந்தை அதுவல்ல. வளர்ப்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பருவத்தில் இருந்த பெட்டை வேலி தாண்டியிருந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தந்தையரின் குட்டிகள் இருக்க முடியும். தோட்டங்களில் நாய்கள் அவிழ்ந்து திரிவதால் இது நடக்கக்கூடியதுதான்.

கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி அனுப்பினால் வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் நிறப் பரிசோதனை செய்து தரும். பழைய அறிக்கைகள் சாடிலையும் பைகலரையும் ஒரே குறியீட்டில் சேர்த்திருக்கும். பணம் ஒரு பரிசோதனைக்குத்தான் இருக்கிறது என்றால் நிறத்துக்குச் செலவழிக்காதீர்கள். பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயையும், பின்கால்களை மெல்லச் செயலிழக்கவைக்கும் முதுகுத்தண்டு நோய்க்கான மரபணு அறிக்கையையும் கேளுங்கள். படிகளும் சரிவும் நிறைந்த நம் இடத்தில் பலவீனமான இடுப்புள்ள நாய் படும் வேதனை பெரிது. எக்ஸ்ரேயை எப்படி வாசிப்பது என்பதில் சந்தேகம் இருந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் கேட்கலாம்.

## குட்டி பார்க்கப் போகும் நாளில்

மழை பெய்த மறுநாள் போனால் நல்லது. தாயின் முடி எப்படிக் காய்ந்திருக்கிறது, காது நாறுகிறதா, தொடையில் சிக்கு இருக்கிறதா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியும். குட்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து மூக்கு, இமையோரம், நகம், வாலடி என்ற வரிசையில் பாருங்கள். காதின் பின்புறமும் விரலிடுக்கிலும் முடி நீண்டு நின்றால் அது நீள முடிக் குட்டி, ஆறாவது வாரத்திலேயே இது தெரியும். முற்பணம் கொடுத்துவிட்டுப் பிறகு எடுப்பதாக இருந்தால் குட்டியின் நான்கு பக்கமும் படம் எடுத்து, நிறப் பட்டி ஒன்றைக் கழுத்தில் கட்டிவிட்டு வாருங்கள். சேபிளாக இருந்தால் அடுத்த முறை போகும்போது அதே குட்டிதானா என்று சந்தேகப்படும் அளவுக்கு வெளுத்திருக்கும். முடிந்தால் மைக்ரோசிப் பொருத்தச் சொல்லி, அதன் இலக்கத்தைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.